பீரோ சாவி யார்கிட்ட இருக்கு?

எந்த அரசுப் பள்ளிக்கூடத்துக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. ஹெச்.எம். ரூம்ல ஒரு இரும்பு பீரோ நிக்கும். மேல ஒரு உலக உருண்டை, சுருட்டி வச்ச மேப்பு, போன சுதந்திர தினத்துக் கொடி. பீரோவுக்கு ஒரு பூட்டு. உள்ள என்ன இருக்குன்னு கேட்டா "லைப்ரரி சார்"னு பதில் வரும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நான் கொஞ்ச வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை போயிட்டு வர்றேன். (ஊர் பேர் வேண்டாம். அந்த ஹெச்.எம். நல்ல மனுஷன், அவருக்கு என்னால தொந்தரவு வரக் கூடாது.) வாத்தியார் வேலை எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுறதும், அவங்க வாசிக்கிறதைக் கேட்கிறதும், எழுத வைக்கிறதும்தான் என் வேலை. அந்த அனுபவத்துல நான் வந்து சேர்ந்த இடம் இது: எழுத்து தெரிஞ்ச பிள்ளையை வாசிக்கிற பிள்ளையா மாத்தணும்னா முதல்ல அந்தப் பூட்டைத் திறக்கணும். புதுத் திட்டம், புது ஆப், ஸ்மார்ட் போர்டு எல்லாம் அதுக்கு அப்புறம். புத்தகம் கிழிஞ்சா கிழியட்டும். தொலைஞ்சா தொலையட்டும்.

இதைச் சொன்னா நிறைய பேர், "என்ன சார் புத்தகம், பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியலையே"ம்பாங்க. பாதி சரி, பாதி தப்பு.

அசர் அறிக்கை கேள்விப்பட்டிருப்பீங்க. கிராமங்கள்ல வீடு வீடாப் போய், பிள்ளைகள் கையில ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி எடுக்கிற கணக்கு. தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்ல இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிஞ்சவங்க 2018-ல ஏறக்குறைய பத்துக்கு நாலு பேர். 2022-ல நாலுக்கு ஒருத்தர். நடுவுல கொரோனா. 2020 மார்ச்ல மூடின தொடக்கப் பள்ளிகளை 2021 நவம்பர்லதான் திறந்தாங்க, அதனால விழுந்ததுக்குக் காரணம் தெரியும். ஆனா விழுறதுக்கு முன்னாடியும் பத்துக்கு நாலுதான்ங்கிறதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க. கொரோனாவை எடுத்துட்டாலும் பத்துக்கு ஆறு பேர் மிச்சம் நிக்குறாங்களே, அவங்களுக்கு யார் காரணம்?

நான் பார்க்கிற பள்ளிக்கூடத்துல அந்த ஆறு பேர் எப்படி இருக்காங்கன்னு சொல்றேன். அவங்களுக்கு எழுத்து தெரியும். கரும்பலகையில 'க' எழுதினா க-ன்னு சொல்வாங்க. 'கா', 'கி', 'கீ' எல்லாம் வரிசையா ஒப்பிப்பாங்க. ஒரு வாக்கியத்தைக் கொடுத்தா மட்டும் நின்னுடுவாங்க.

ஏன்னு உட்கார்ந்து கேட்டாத்தான் புரியும். 'வந்துகொண்டிருக்கின்றன'ன்னு ஒரு சொல். எண்ணிப் பாருங்க, பன்னிரண்டு எழுத்து. ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு வர்ற பிள்ளை 'கின்றன'வுக்கு வந்து சேரும்போது முன்னாடி இருந்த 'வந்து' மறந்து போயிருக்கும். அப்புறம் என்னத்தைப் புரிஞ்சுக்க? இதுல அந்தச் சொல்லை அது வீட்டுல ஒருநாளும் காதால கேட்டதும் கிடையாது. வீட்டுல 'வந்துக்கிட்டு இருக்கு' தான்.

கொம்பு இன்னொரு வம்பு. 'கெ'ல கொம்பு முன்னாடி நிக்கும், சத்தம் பின்னாடி வரும். 'கொ'ல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவுல க மாட்டிக்கிட்டு முழிக்கும். 'கு, சு, டு, து, பு, மு' எல்லாத்துக்கும் ஒரே உகரம்தான், ஆனா வால் போற திசை வேற வேற. 1978-ல எழுத்துச் சீர்திருத்தம் பண்ணும்போது 'ணா, றா, னா'வையும் 'ணை, லை, ளை, னை'யையும் சரி பண்ணினாங்க. பழைய புத்தகத்துல தும்பிக்கை வச்ச லை-யைப் பார்த்திருப்பீங்க. உகரத்தைத் தொடலை. அப்புறம் க-வோட சத்தம். 'கடல்'ல ஒரு க, 'பகல்'ல ஒரு க, 'தங்கம்'ல ஒரு க. நமக்கு இது ஒரு விஷயமே இல்லை, தானா வந்துடுது. எப்படித் தானா வந்துச்சு? யாரும் விதி சொல்லித் தரலை. அம்புலிமாமாவும் லயன் காமிக்ஸும் படிச்சுப் படிச்சு வந்துச்சு. ஒரு சொல்லை அம்பது தடவை, நூறு தடவை வேற வேற இடத்துல பார்த்து, கடைசியில எழுத்துக் கூட்டாம முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி ஆச்சு.

அந்த நூறு தடவைக்கு ஒரு பாடப்புத்தகம் பத்தாது. அதுல இருக்கிற பாடங்களை மூணாவது வாரத்துல பிள்ளைகள் மனப்பாடமா ஒப்பிச்சுடும். நீங்க பக்கத்தைத் திருப்பாமலே அது 'வாசிக்கும்' :-) புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு ஒரு பாடத்தைத் தப்பில்லாம 'வாசிச்ச' ஒரு வாண்டை எனக்குத் தெரியும்.

ஆக, இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது நிறைய புத்தகம். ஒல்லியா, சின்னதா, ஒரு பக்கத்துக்கு ரெண்டு வரி இருக்கிற புத்தகம், தினமும் வேற வேற. வீட்டுல கிடையாது. இந்தப் பக்கத்துல நிறைய வீட்டுல அச்சடிச்ச எழுத்துன்னா நாள்காட்டி, ரேஷன் கார்டு, கரண்ட் பில்லு அட்டை. அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் பீரோவுல.

சரி, பீரோவை ஏன் பூட்டுறாங்க?

"சார், நீங்க வந்துட்டுப் போயிருவீங்க. ஆடிட்ல எவன் பதில் சொல்ல?"

இது எங்க ஹெச்.எம். முதல் நாள் என்கிட்ட சொன்னது. அந்த நிமிஷம் எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா அவர் இடத்துல நின்னு பாருங்க. ஒவ்வொரு புத்தகமும் இருப்புப் பதிவேட்டுல ஏறியிருக்கு. நம்பர் போட்டு, விலை போட்டு. வேற ஊருக்கு மாறிப் போனாலும் ரிட்டையர் ஆனாலும் அடுத்தவர்கிட்ட எண்ணி ஒப்படைக்கணும். இருநூறு புத்தகம் இருநூறாவே இருந்தா அவர் நல்ல தலைமை ஆசிரியர். நூத்தித் தொண்ணூறு இருந்தா விளக்கம் எழுதணும். பத்து வருஷத்துல ஒரு புத்தகத்தை ஒரு பிள்ளைகூடத் தொடலைன்னா? அதுக்கு விளக்கம் கேட்கிற பதிவேடு எதுவும் கிடையாது. அப்படி இருக்கும்போது எந்த மனுஷனும் பூட்டத்தான் செய்வான். இது ஆசிரியரோட சோம்பேறித்தனம்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது.

இதுக்கு வழி இல்லாம இல்லை. மத்திய அரசோட பொது நிதி விதிகள்னு ஒண்ணு இருக்கு. 2017-ல வந்த பதிப்புலயும் நூலகத்துக்குன்னு ஒரு விதி இருக்கு: வருஷத்துல வெளிய போய் வர்ற ஆயிரம் புத்தகத்துக்கு அஞ்சு தொலைஞ்சா அது நியாயமான இழப்புதான், நேர்மைக் குறைவோ அசட்டையோ காரணமா இல்லாத பட்சத்துல. ஆயிரம் ரூபாய்க்கு மேல விலையுள்ள புத்தகமோ அரிய புத்தகமோ போனாத்தான் கட்டாயமா விசாரிக்கணும். இது டெல்லி அலுவலகங்களுக்கான விதி, நம்ம ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்தைக் கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனா விதி எழுதினவங்களே 'புத்தகம்னா தொலையத்தான் செய்யும்'னு ஒத்துக்கிட்டு எழுதி வச்சிருக்காங்க பாருங்க! அஞ்சு கம்மி. ஏழு வயசுப் பிள்ளைங்க கையில ஆயிரத்துக்கு அம்பதுன்னாவது வச்சுக்கணும். ஒரு பக்கத்துல ஒரு ஆணை போட்டா முடிஞ்சுது: நாற்பது அம்பது ரூபாய்ப் புத்தகம், பிள்ளைகள் கையில புழங்கித் தேய்ஞ்சது, வருஷக் கடைசியில இருப்பிலிருந்து கழிச்சுக்கலாம்னு. சாக்பீஸை எண்ணி ஒப்படைக்கச் சொல்றோமா? எழுதினா கரையும்னு தெரிஞ்சுதானே வாங்குறோம்.

நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், உலகமே நூலகத் துறையில தலையில தூக்கி வச்சிருக்கிற ஆள், 1931-ல ஐந்து விதிகள் எழுதினார். அதுல முதல் விதியே புத்தகம் இருக்கிறது எடுத்துப் பயன்படுத்தத்தான்ங்கிறது. இதுக்கெல்லாம் ஒரு விதியான்னு தோணும். ஒரு காலத்துல ஐரோப்பாவுல புத்தகத்தைச் சங்கிலி போட்டு மேசையோட கட்டி வச்சிருந்தாங்க, அந்தப் புத்தி போகணும்னுதான் அவர் அதை முதல்ல வச்சார். அவர் பிறந்த மாநிலத்துல, சங்கிலிக்குப் பதிலா கோத்ரெஜ் பூட்டு. முன்னேற்றம்தான்.

எங்க பள்ளிக்கூடத்துல என்ன ஆச்சுன்னா, பீரோ சண்டையை நாங்க போடலை. பதிவேட்டுல இல்லாத புத்தகமாக் கொண்டு வந்தோம். நண்பர்கள் வாங்கிக் கொடுத்தது, பழசு, கொஞ்சம் என் கைக்காசு. எந்தக் கணக்குலயும் ஏறாததால யாருக்கும் பயம் இல்லை. ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் நடுவுல கொடிக்கயிறு கட்டி, துணி கிளிப்புல புத்தகத்தை மாட்டி விட்டோம். அட்டைப் படம் வெளிய தெரியணும், அதுதான் முக்கியம். அலமாரியில முதுகு மட்டும் தெரியிற மாதிரி அடுக்கினா வாசிக்கத் தெரியாத பிள்ளை எதைப் பார்த்து எடுக்கும்? வீட்டுக்குக் கொண்டு போறதுன்னா ஒரு நோட்டுல பேரும் புத்தகப் பேரும் எழுதிட்டுப் போகணும். அந்த நோட்டை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே பார்த்துக்கிறாங்க. நோட்டுல எழுதறதுக்காகவே புத்தகப் பேரை எழுத்துக் கூட்டிப் படிச்ச பிள்ளைகள் உண்டு.

தொலைஞ்சது? முதல் வருஷத்துல ரெண்டு கை விரலுக்குள்ள எண்ணிடலாம். கிழிஞ்சது நிறைய. ஒரு யானைக் கதைப் புத்தகம் கிழிஞ்சு, பசை போட்டு ஒட்டி, மறுபடி கிழிஞ்சு, இப்ப நாலு பக்கம் கம்மியா ஓடிக்கிட்டிருக்கு. அந்த நாலு பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு ஆளுக்கொரு கதை சொல்றாங்க. ஒரிஜினலைவிட நல்லா இருக்கு!

இந்த ஊர்ப் பக்கம் வந்துட்டு கு.அழகிரிசாமியைச் சொல்லாம போனா இடைசெவல்காரங்க அடிப்பாங்க. 'அன்பளிப்பு' கதை நிறைய பேர் படிச்சிருப்பீங்க. அந்தத் தலைப்புல வந்த தொகுப்புக்குத்தான் அவர் இறந்த பிறகு 1970-ல சாகித்ய அகாதமி விருது கொடுத்தாங்க. புத்தகத்துக்காக ஒரு மனுஷன் வீட்டுல வந்து விழுந்து புரள்ற பிள்ளைகள், அதுல தனக்கு மட்டும் கிடைக்காம போன சாரங்கன். அவன் கடைசியில என்ன செய்றான்னு படிக்காதவங்களுக்காகச் சொல்லாம விடுறேன். நான் சொல்ல வந்தது, புத்தகம்னா உயிரை விடுற பிள்ளைகளை அவர் ஆகாயத்துலேர்ந்து எடுத்து எழுதலை. இப்பவும் இருக்காங்க. கயித்துல ஒரு புதுப் புத்தகம் தொங்கினா அடிதடி நடக்குது.

இது வாசிப்பு. எழுத்து இதைவிடப் பெரிய சோகம்.

நம்ம பள்ளிக்கூடத்துல 'எழுது'ன்னா 'பார்த்து எழுது'ன்னு அர்த்தம். ரெண்டு கோடு நோட்டுல, மேல ஒரு வரி அச்சடிச்சிருக்கும், கீழ அதையே பத்து தடவை. தப்புப் பண்ணினா இம்போசிஷன், அம்பது தடவை. கொஞ்சம் பெரிய வகுப்புக்குப் போனா கேள்வி-பதில், அதையும் போர்டைப் பார்த்து எழுதறது. இன்னும் மேல போனா கட்டுரை. 'நான் கண்ட பொருட்காட்சி'. நம்ம எல்லாருமே எழுதியிருக்கோம், முன்னுரை, பொருளுரை, முடிவுரை குறிப்புச் சட்டத்தோட. பொருட்காட்சிக்கே போகாத பிள்ளை ராட்டினம் ஏறி, டெல்லி அப்பளம் சாப்பிட்டு, இன்பமாகப் பொழுதைக் கழித்துவிட்டு வீடு திரும்பினதா எழுதி பத்துக்கு எட்டு வாங்கும். அதே பிள்ளைகிட்ட "நேத்து என்னடா பண்ணினே"ன்னு கேட்டு எழுதச் சொல்லுங்க. பேனாவைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். "என்ன சார் எழுத?" எழுதறதுன்னா ஏற்கெனவே எங்கயோ இருக்கிறதை எடுத்து எழுதறதுன்னு அதுக்குப் பழகிப் போச்சு. தன்கிட்ட எழுதறதுக்கு ஒண்ணு இருக்குன்னு யாரும் அதுகிட்டச் சொல்லலை.

ஆறாம் வகுப்புல ஒரு பொண்ணு. நல்லா வாசிக்காது. தன்னைப் பத்தி மூணு வரி எழுதச் சொன்னேன். அது எழுதினது கிட்டத்தட்ட இது, எழுத்துப் பிழையை மட்டும் நீக்கித் தர்றேன்: "அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவாக. ராத்திரி வந்து கையக் கழுவினாலும் மருந்து வாசம் போகாது. நான் அந்தக் கையிலதான் சோறு திம்பேன்." மூணே வரி. இங்க உட்கார்ந்து நாம எத்தனை வருஷமா எழுதிக்கிட்டிருக்கோம், இப்படி ஒரு மூணு வரி வாய்ச்சுதா சொல்லுங்க.

அந்த நோட்டுல அடுத்த வாரம் பார்த்தா சிவப்பு மை. 'போவாக' அடிச்சு 'போவார்கள்'. 'திம்பேன்' அடிச்சு 'உண்பேன்'. கீழ, 'பிழைகளைப் பத்து முறை எழுதவும்'. திருத்தின டீச்சர் மேல எனக்குக் கோபம் இல்லை. பரிட்சையில 'போவாக'ன்னு எழுதினா மார்க் போகும், அவங்க கவலை அது. ஆனா அந்தப் பொண்ணு அடுத்த தடவை எழுதினது, "என் அம்மா மிகவும் நல்லவர்கள். என் மீது அன்பாக இருப்பார்கள்." பிழையே இல்லை. ஆளும் இல்லை.

இங்கதான் சில நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க. தப்பைத் திருத்தாம விட்டா அதுவே பழகிடாதா? ல-ள-ழ, ர-ற தெரியாத ஒரு தலைமுறையை உருவாக்கப் போறீங்களா? எனக்கும் 'பல்லி கூடம்'னு போர்டுல பார்த்தா பத்திக்கிட்டு வரும், அதுல சந்தேகம் வேண்டாம். திருத்த வேண்டாம்னு நான் சொல்லலை. எப்ப, எதை, எவ்வளவுங்கிறதுதான் கேள்வி. ஒரு பிள்ளை முதல் முதல்ல தன் சொந்த வாக்கியத்தை எழுதறப்போ அது என்ன சொல்லுதுன்னு முதல்ல படிக்கணும். படிச்சேன்னு அதுக்குத் தெரியணும். "மருந்து வாசம்னா எப்படி இருக்கும்?"னு ஒரு கேள்வி கேட்டா அது இன்னும் நாலு வரி எழுதும். எழுத எழுதத்தான் திருத்துறதுக்கே ஏதாவது கிடைக்கும். அப்புறம் ஒரு வாரத்துக்கு ஒரு சங்கதி. இந்த வாரம் ர-ற மட்டும். அடுத்த வாரம் ஒற்று. எல்லாத்தையும் ஒரே நாள்ல சிவப்பாக்கினா பிள்ளை கத்துக்கிறது ஒண்ணே ஒண்ணு, கம்மியா எழுதினா கம்மியாத் தப்பு வரும்னு.

'போவாக' விஷயம் வேற. அது தப்பே இல்லை, அது இந்த ஊர்த் தமிழ். இதே கரிசல் காட்டுச் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்துத்தான் கி.ராஜநாராயணன் 1982-ல வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டு வந்தார். அவர் எழுதினா இலக்கியம், அவர் ஊருக்குப் பக்கத்துப் பிள்ளை எழுதினா சிவப்பு மையா? வெஞ்சனத்தை வெஞ்சனம்னே எழுதட்டும். பரிட்சைத் தமிழ் ஒண்ணு இருக்கு, அதையும் கத்துக்கணும், கடைக்குப் போறப்ப ஒரு சட்டை, கல்யாணத்துக்கு ஒரு சட்டைங்கிற மாதிரி. ஆனா வீட்டுச் சட்டையைக் கிழிச்சுட்டுத்தான் கல்யாணச் சட்டை தைக்கணும்னு எந்தத் தையக்காரனும் சொல்ல மாட்டான்.

நியூசிலாந்துல சில்வியா ஆஷ்டன்-வார்னர்னு ஒரு டீச்சர், மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவங்க. பிள்ளைகிட்டயே "உனக்கு என்ன சொல் வேணும்?"னு கேட்டு, அது பயப்படுற, ஆசைப்படுற சொல்லையே அட்டையில எழுதிக் கொடுத்து வாசிக்க வச்சாங்க. 1963-ல அதை ஒரு புத்தகமாவே எழுதினாங்க. குஜராத்துல கிஜுபாய் பதேக்கா அவங்களுக்கு எவ்வளவோ முன்னாடி. அவரோட 'பகல் கனவு' தமிழ்ல கிடைக்குது, சின்னப் புத்தகம். அதுல வர்ற லட்சுமிராம் வாத்தியார் வகுப்பை ஆரம்பிக்கிறதே கதை சொல்லித்தான். ஆசிரியர் நண்பர்கள் யாராவது படிக்கலைன்னா இந்த வாரமே படிச்சுடுங்க.

நிற்க. அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னு சொன்னா அது பொய். 2022 ஜூன்ல 'எண்ணும் எழுத்தும்' ஒண்ணு முதல் மூணு வரைக்கும் வந்துச்சு, அடுத்த கல்வியாண்டுல நாலு, அஞ்சுக்கும். வகுப்பைப் பார்க்காம பிள்ளையோட நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சுச் சொல்லிக் கொடுக்கிறது. யோசனை ரொம்பச் சரி. எங்க ஏரியா டீச்சர்கள் புலம்புறது அதைப் பத்தி இல்லை, போன்ல ஏத்த வேண்டிய விவரங்களைப் பத்தி. பிள்ளை வாசிக்கிறதைக் கேட்க வேண்டிய நேரம், வாசிச்சான்னு பதிவு பண்றதுல போகுதுன்னு. 2023-ல வாசிப்பு இயக்கம் வந்துச்சு. பதினாறு பக்கத்துல குட்டிக் குட்டிப் புத்தகம். நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி. பெயர் வச்ச ஆளுக்கு ஒரு கும்பிடு. நான் இவ்வளவு நேரம் கத்தின ஒல்லிப் புத்தகம் இதுதான், அரசாங்கமே அச்சடிச்சு இலவசமாக் கொடுத்துச்சு. கையில எடுத்துப் பார்த்தப்ப எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு.

அதை எங்க வச்சிருக்காங்கன்னு சில பள்ளிக்கூடங்கள்ல கேட்டேன். கயித்துல தொங்க விட்டிருக்கிற டீச்சர்களும் இருக்காங்க, வாழ்க. மத்த இடத்துல பீரோவைக் கைகாட்டினாங்க.

எனக்கு ஏன் இவ்வளவு பதட்டம்னா, எங்க ஊர்ல இதுக்குக் கால அவகாசம் கம்மி. நம்ம மாநிலத்துல எட்டாவது வரைக்கும் ஃபெயில் கிடையாது, அது நல்ல விஷயம்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா எட்டு முடிச்சு ஒன்பதுக்கு வேற ஊர் ஹைஸ்கூல். அங்க ஒவ்வொரு பாடத்துலயும் பக்கம் பக்கமா வாசிக்கணும். வாசிக்க வராத பையன் முதல் பருவத்துலயே தெரிஞ்சுக்குவான், இது நமக்கான இடம் இல்லைன்னு. யாரும் விரட்ட மாட்டாங்க. ஒருநாள் பஸ் ஏற மாட்டான். அப்புறம் ஏதாவது ஒரு லோடு வண்டியில ஏறுவான். பொண்ணுன்னா தீப்பெட்டி ஆபீஸ், இல்ல திருப்பூர். போன வருஷம் அப்படிப் போன ரெண்டு பேரை எனக்குத் தெரியும். ரெண்டு பேருக்கும் 247 எழுத்தும் தெரியும்.

பதிவர் நண்பர்கள்கிட்ட ஒரு வேண்டுகோள், கூடவே ஒரு எச்சரிக்கை. 'புத்தகம் அனுப்புறேன்'னு நல்ல மனசோட சொல்ற பலபேர் அனுப்புறது பழைய போட்டித் தேர்வு கைடு, வாழ்வில் முன்னேற நூறு வழிகள், நாலு பாகமா சரித்திர நாவல், அப்புறம் 2009 இயர்புக். தயவுசெஞ்சு வேண்டாம் சாமி. பெரிய எழுத்து, நிறைய படம், முப்பது பக்கத்துக்குள்ள. நேஷனல் புக் டிரஸ்ட்டோட நேரு பால புத்தகாலய வரிசை, தூலிகா, பிரதம் புக்ஸ், பாரதி புத்தகாலயத்தோட புக்ஸ் ஃபார் சில்ட்ரன் இதெல்லாம் நல்லா ஓடுது. பெரிய பசங்களுக்கு லயன், முத்து காமிக்ஸ் கொடுங்க. பக்கத்துச் சிவகாசியிலேர்ந்துதான் வருது, 'அது படிச்சா கெட்டுப் போவான்'னு சொல்ற ஆளுங்களை நான் பார்த்துக்கிறேன். வாண்டுமாமா கிடைச்சா பொன் மாதிரி. முதல் பக்கத்துல உங்க பேரு, தேதி, 'அன்பளிப்பு'ன்னு எல்லாம் எழுத வேண்டாம். எழுதினா அது கெட்டுப்போயிடக் கூடாதுன்னு யாராவது எடுத்து பீரோவுல வச்சுடுவாங்க.

புத்தகம் வாங்க வசதி இல்லைன்னா ஒரு மணி நேரம் கொடுங்க. ஒரு பிள்ளை வாசிக்கிறதை, குறுக்க பேசாம, திருத்தாம, கொட்டாவி விடாம கேட்கத் தெரிஞ்சா போதும். தமிழ் இலக்கணம் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு நான் அங்கதான் இருப்பேன். இப்போதைக்கு நாலு, ஆறு ரெண்டு வகுப்புதான் என்னால முடியுது. இன்னும் ரெண்டு பேர் வந்தா மூணாம் வகுப்பையும் எடுத்துக்கலாம்னு ஹெச்.எம். சொல்லியிருக்கார்.